சாரி ஆற்றங்கரைக் கிராமங்களின் குடிநீருக்காக: இந்திய அரசுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சுகாதாரம் மற்றும் குடும்ப நலத்துறை அமைச்சர் அவர்களுக்கும், வெளியுறவுத் துறை அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம்.

மத்திய ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில், சாரி ஆற்றின் கரைகளிலும், அதன் வெள்ளம் வடிந்து தேங்கும் குட்டைகளைச் சுற்றியும் உள்ள தொலைதூரக் கிராமங்களில், கினிப் புழு நோயை அடியோடு ஒழிக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. சாட் சுகாதார அமைச்சகத்தோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்வது, அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் அவருடைய துணைவியார் ரோசலினும் 1982இல் தொடங்கிய கார்ட்டர் மையம் என்னும் தொண்டு நிறுவனம். அந்த வேலை முடிவை நெருங்கியிருக்கும் இந்த நேரத்தில், அதே நோயைத் தன் மண்ணிலிருந்து விரட்டிய நாடு என்ற முறையில் இந்தியாவும் அதில் பங்கேற்க வேண்டும், குறிப்பாக அந்தக் கிராமங்களில் ஆழ்துளைக் கிணறுகளும் கைப்பம்புகளும் அமைத்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தண்ணீரால் பரவும் நோய்களோடு பணிக்காலம் முழுவதும் மல்லுக்கட்டிய காரணத்தால், சாட் கிராமங்களைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன்.

நரம்புச் சிலந்தி என்று நம் முதியவர்கள் அறிந்திருந்த நோய்தான் இது. குளத்திலோ குட்டையிலோ வடிகட்டாமல் அள்ளிக் குடிக்கும் தண்ணீரில் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரி இருக்கும். அதற்குள் கினிப் புழுவின் இளம்புழு இருந்தால், அது மனித வயிற்றில் விடுபட்டு, குடலைத் துளைத்து உடலுக்குள் நுழைந்துவிடும். ஏறத்தாழ ஓராண்டு காலம் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. அந்த ஓராண்டில் பெண் புழு ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்து, பெரும்பாலும் காலில் ஒரு கொப்புளத்தை உண்டாக்கி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தலைகாட்டுகிறது. நெருப்பு வைத்தது போன்ற அந்த எரிச்சலைத் தாங்க முடியாமல் நோயாளி காலைத் தண்ணீரில் நனைக்கிறார்; நனைத்த கணமே புழு இலட்சக்கணக்கான இளம்புழுக்களை அந்தத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. இதற்குத் தடுப்பூசி கிடையாது, புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்ற உத்தரவாதமும் இல்லை.

1986இல் உலக சுகாதார மாமன்றம் இந்நோயை ஒழிக்கத் தீர்மானம் நிறைவேற்றியபோது, 20க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 35 இலட்சம் பேர் இதனால் துன்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 2024ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் நோய் கண்டவர்கள் 15 பேர். அவர்களில் 9 பேர் சாட் நாட்டவர், மற்ற 6 பேர் தெற்கு சூடானைச் சேர்ந்தவர்கள். பெரியம்மையைத் தவிர மனித குலம் முற்றாக ஒழித்த மனித நோய் வேறொன்றும் இதுவரை இல்லை. தடுப்பூசியும் மருந்தும் இல்லாமல், மக்களின் பழக்கத்தை மாற்றியும் தண்ணீரைப் பாதுகாத்தும் மட்டுமே ஒரு நோய் இந்த அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதை எண்ணும்போது, களப்பணியில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு ஏற்படும் மலைப்பு சிறிதல்ல.

இந்தியா இதில் வேடிக்கை பார்த்த நாடு அல்ல. இராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய ஏழு மாநிலங்களில் இந்நோய் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டு, இன்று தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் எனப்படும், அப்போது தேசியத் தொற்றுநோய் நிறுவனம் என்று அழைக்கப்பட்ட டெல்லி நிறுவனம் அதை முன்நின்று நடத்தியது. வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தேடினார்கள். மக்கள் இறங்கி நின்று தண்ணீர் எடுத்த படிக்கிணறுகளை, மேலிருந்து இறைத்தெடுக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினார்கள். கடைசி நோயாளி 1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோய் அற்ற நாடாகச் சான்றளித்தது.

சாட் நாட்டின் கதை அவ்வளவு நேர்க்கோட்டில் செல்லவில்லை. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்கே ஒரு நோயாளிகூடப் பதிவாகாததால், நோய் ஒழிந்துவிட்டது என்றே கருதப்பட்டது. 2010இல் 10 பேரிடம் அது மறுபடியும் கண்டறியப்பட்டது. நோயாளிகள் ஒரே குளத்தைப் பகிர்ந்தவர்களாக இல்லாமல், ஆற்றை ஒட்டிய ஊர்களில் அங்கொருவரும் இங்கொருவருமாக இருந்தது வழக்கத்துக்கு மாறாக இருந்தது. 2012இல் அதற்கு விடை கிடைக்கத் தொடங்கியது: அதே புழு நாய்களின் கால்களிலிருந்தும் வெளிவந்துகொண்டிருந்தது. மரபணு ஆய்வு, மனிதரைத் தாக்குவதும் நாயைத் தாக்குவதும் ஒரே புழுதான் என்று உறுதி செய்தது. ஆற்றில் நீர் வற்றும் கோடையில் மீன்பிடிப்பு உச்சத்தில் இருக்கும். கரையில் வீசப்படும் மீன் குடலையும் குஞ்சு மீன்களையும் தின்பதன் வழியாகவும், தவளை போன்றவற்றின் வழியாகவும் நாய்களுக்கு இளம்புழு போய்ச் சேர்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நாய் தன் எரிச்சலைத் தணிக்கக் குட்டையில் இறங்குகிறது. அந்தக் குட்டைத் தண்ணீரை மனிதரும் குடிக்கிறார்கள். 2019இல் மட்டும் சாட் நாட்டில் 1,900க்கும் மேற்பட்ட நாய்களிடம் இப்புழு காணப்பட்டது.

இந்த இடத்தில்தான் அந்தத் தொண்டு நிறுவனத்தின் வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். நாய் வழியாக நோய் பரவுகிறது என்றால் நாய்களைக் கொன்றுவிடலாமே என்று எளிதாகச் சொல்லிவிட முடியும். அந்தக் கிராமங்களில் நாய் என்பது பயிருக்கும் ஆட்டுக்கும் வீட்டுக்கும் காவல். அதைக் கொல்ல வருகிறார்கள் என்று தெரிந்தால் மக்கள் நாயையும் மறைப்பார்கள், நோயையும் மறைப்பார்கள். ஆகவே அந்த நிறுவனத்தார் நாய்களைக் கட்டிவைக்கச் சொன்னார்கள். புழு வெளிவரும் நாயைக் கட்டிவைத்துத் தகவல் சொல்பவருக்கு அந்நாட்டில் புழங்கும் நாணயமான சிஎஃப்ஏ பிராங்கில் 10,000 பரிசும், மனிதரிடம் நோய் இருப்பதைத் தெரிவித்தால் 50,000 பிராங்கும் தரப்படுகின்றன. 2020 முதல், நோய் மிகுந்த கிராமங்களில் புழு வெளிவருவதற்கு முன்பே, ஆபத்தான மாதங்கள் முழுவதும் நாய்களைக் கட்டிவைக்கும் பழக்கத்தைப் பரப்பிவருகிறார்கள்.

இதைக் கேட்கும்போது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. அதுவரை தன் இரையைத் தானே தேடிக்கொண்ட நாய்க்கு இனி வேளாவேளைக்குச் சோறும் தண்ணீரும் வைக்க வேண்டும். கோடை வெயிலில் நிழல் நகர நகர இடம் மாற்றிக் கட்ட வேண்டும். இரவில் வயலுக்குக் காவல் போக ஆள் வேண்டும். சங்கிலியைக் கடித்து இழுத்துக் கத்தும் நாயைக் குழந்தைகள் அவிழ்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீனைச் சுத்தம் செய்யும் பெண்கள் ஒவ்வொரு முறையும் குடலைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். இவ்வளவையும், தங்கள் வீட்டில் யாருக்கும் நோய் இல்லாத நிலையிலும், எங்கோ ஒருவருக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக மாதக்கணக்கில் செய்கிறார்கள். அப்படிச் செய்ததால்தான் 2024இல் சாட் நாட்டில் புழு கண்ட நாய், பூனைகளின் எண்ணிக்கை 300க்குக் கீழே இறங்கியது. வெளிநாட்டு நிபுணரைவிட, பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் “நாயைக் கட்டியாயிற்றா?” என்று நாள்தோறும் கேட்கும் கிராமத் தன்னார்வலருக்கே இந்த வெற்றியில் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து.

மனிதருக்கு நோய் வந்தால் செய்யும் வேலையும் இதே பொறுமையைக் கேட்பது. புழு வெளிவந்தவரைத் தண்ணீர் நிலைகளுக்குப் போகவிடாமல் ஒரு பராமரிப்பு மையத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நாள்தோறும் புண்ணைக் கழுவி, ஒரு வாளித் தண்ணீரில் காலை நனையவைத்து, அந்தத் தண்ணீரை நீர்நிலைகளுக்கு அப்பால் உலர்ந்த தரையில் கொட்டுகிறார்கள். பிறகு வெளியே தெரியும் புழுவைச் சுருட்டிய காஸ் துணியிலோ சிறு குச்சியிலோ சுற்றி, மெல்ல மெல்ல இழுக்கிறார்கள். ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான் வரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோய், உள்ளே தங்கிய பகுதி வீங்கிச் சீழ்பிடிக்கும். முழுப் புழுவும் வெளியேற வாரக்கணக்கில் ஆகும்; அதுவரை அந்த மனிதர் உழவுக்கோ மீன்பிடிக்கவோ போக முடியாது. விதைப்புப் பருவத்தில் வீட்டுத் தலைவருக்கு இது வந்தால் அந்த ஆண்டு அந்த வீட்டில் கஞ்சிக்கும் வழியிருக்காது. அதனால் மையத்தில் இருக்கும் காலத்துக்கு உணவும் மருந்துக்கட்டும் கொடுத்து, பரிசுத் தொகையும் தருவதை நான் சலுகையாகப் பார்க்கவில்லை. நோயை வெளியே சொன்னவருக்கு இழப்பு நேராமல் காப்பது ஒழிப்புத் திட்டத்தின் அடிப்படை.

இன்னொரு வேலை, நம்மவர்களுக்கு நன்கு தெரிந்தது. டெங்கு காலத்தில் தமிழ்நாட்டுத் தெருக்களில் தண்ணீர்த் தொட்டிகளில் ஊற்றப்படும் அபேட் மருந்தேதான் சாட் நாட்டுக் குட்டைகளிலும் சைக்ளாப்ஸைக் கொல்ல ஊற்றப்படுகிறது. தொட்டிக்கு அளவு தெரியும், குட்டைக்குத் தெரியாது. குட்டையின் நீள அகலத்தைக் கயிறு பிடித்து அளந்து, பல இடங்களில் ஆழம் பார்த்து, கன அளவைக் கணக்கிட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற விகிதம் தவறாமல் கலக்க வேண்டும். ஒருமுறை ஊற்றினால் ஏறத்தாழ ஒரு மாதம்தான் பலன். அதற்குள் மழை பெய்து குட்டை பெருகிவிட்டால் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். தொட்டிகளில் இம்மருந்தை ஊற்றிய அனுபவமுள்ள எவருக்கும், மழைக்காலத்தில் பாதைகள் துண்டிக்கப்பட்ட நாட்டில், மோட்டார் சைக்கிளும் போக முடியாத இடங்களுக்குக் கேனைச் சுமந்து சென்று இதைச் செய்வது எவ்வளவு உழைப்பு என்பது விளங்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை தீரவில்லை. அந்தக் குறையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். துணி வடிகட்டியும், கழுத்தில் மாட்டிக்கொண்டு உறிஞ்சிக் குடிக்கும் குழாய் வடிகட்டியும் சைக்ளாப்ஸைத் தடுக்கும்; கலங்கிய தண்ணீரை நல்ல தண்ணீராக ஆக்காது. வடிகட்டி கொண்டுவருபவரிடம், நாயைக் கட்டச் சொல்பவரிடம், மருந்து ஊற்றுபவரிடம் அந்த மக்கள் கேட்கக்கூடிய முதல் கேள்வி, எங்கள் ஊருக்கு எப்போது கிணறு வரும் என்பதாகத்தானே இருக்கும்? 2019இல் சலாமாட் மாகாணத்தைச் சேர்ந்த போகாம் என்ற ஒரே கிராமத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்நோய் வந்தது. அந்த ஆண்டில் சாட் முழுவதும் பதிவான நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப்பேர் அந்த ஊர்க்காரர்கள். ஒரு நீர்நிலை கெட்டால் ஓர் ஊரே எப்படி வீழும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணறு வந்துவிட்டால் மட்டும் நோய் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. நாய்கள் குட்டைக்குப் போவதையும் மீன் குடல் தின்பதையும் கைப்பம்பு தடுக்காது. வயலுக்கும் மீன்பிடிக் குடிசைக்கும் போகிறவர்கள் அங்கேயிருக்கும் தண்ணீரைத்தான் குடிப்பார்கள். ஆனால் மனிதர் குட்டையை நம்பி வாழும் வரை, கட்டவிழ்ந்த ஒரு நாய் போதும், நோய் மறுபடியும் ஊருக்குள் வந்துவிடும். ஒரு நோயை ஒழிக்கும் தொண்டு நிறுவனம் நாடு முழுவதும் குடிநீர்த் திட்டங்களை அமைத்துத் தர முடியாது. அது அரசுகளின் வேலை. சாட் அரசோ, 2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட போரால் கிழக்கு எல்லைக்குள் இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்த அகதிகளையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து கை கொடுக்கும் அரசு ஒன்று வேண்டும்.

அந்த அரசு இந்தியாவாக இருக்க வேண்டும் என்று நான் கேட்பதற்குக் காரணம், கிராமத்துக்குக் கைப்பம்பு கொடுப்பதில் நமக்கு இருக்கும் அறிவு. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இன்றும் மக்கள் அடித்துத் தண்ணீர் எடுப்பது இந்தியா மார்க் 2 என்ற கைப்பம்பில்தான். யுனிசெஃப் துணையோடு 1970களில் உருவாக்கப்பட்ட அந்தப் பம்பின் ஆரம்பகாலத் தயாரிப்பு நடந்தது சென்னையில், ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தில். பழுதானால் கிராமத்திலேயே எளிதில் கழற்றிப் பூட்டும் வகையில் அதைத் திருத்தியமைப்பதற்கான களச் சோதனைகள் கோயம்புத்தூர் வட்டாரக் கிராமங்களில் நடந்தன. அங்கிருந்து மார்க் 3 பிறந்தது. அடிபம்பு வைத்துவிட்டுப் போவது பெரிய காரியமல்ல, வாஷர் தேய்ந்த மறுநாள் அதை மாற்ற ஊரிலேயே ஆள் இருப்பதுதான் காரியம் என்பதை நாம் பட்டறிந்து கற்றோம். பழுதான பம்பு ஒரு மாதம் அப்படியே நின்றால் பெண்கள் மறுபடியும் குட்டைக்குத்தான் குடத்தோடு போவார்கள். ஆகவே சாட் நாட்டுக்குப் பம்புகளை அனுப்புவதோடு, உதிரி பாகங்கள் உள்ளூர்ச் சந்தையில் கிடைக்க வழிசெய்வதும், அந்தக் கிராமத்துப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பம்பு பழுதுபார்க்கப் பயிற்சி தருவதும் ஒரே திட்டத்துக்குள் அடங்க வேண்டும். 1964 முதல் நடந்துவரும் இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டமான ஐடெக் இதற்கு ஏற்கெனவே திறந்திருக்கும் கதவு. புதிய அமைப்பு எதுவும் உருவாக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் நம்மிடம் இருக்கிறது. நோயாளிகள் பத்துப் பேராக, ஐந்து பேராகக் குறைந்த பிறகு அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது, ஆயிரக்கணக்கில் இருந்தபோது கண்டுபிடித்ததைவிடக் கடினம். மக்களுக்கும் அலுப்பு வரும், ஊழியருக்கும் அலுப்பு வரும், மேலதிகாரிக்கு வேறு வேலை வரும். இராஜஸ்தான் பாலைவனக் கிராமங்களில் அந்த அலுப்பைத் தாண்டி, ஒரு நோயாளியும் இல்லை என்ற அறிக்கையைக்கூட நம்பாமல் மறுபடியும் மறுபடியும் வீடேறித் தேடியவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பதிவேடுகளும் அனுபவமும் கோப்பறைகளில் மக்கிப்போவதற்கு முன்பாக, தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் அவற்றைத் தொகுத்து, சாட் நாட்டுப் பணியாளர்கள் படிக்கும் வகையில் பிரெஞ்சிலும் அரபியிலும் கொடுக்க வேண்டும். உடல்நலம் இடம்கொடுக்கும் ஓய்வுபெற்ற ஊழியர்கள் சிலர் அங்கே சென்று மாதக்கணக்கில் தங்கி வேலை செய்யவும் அமைச்சகம் ஏற்பாடு செய்யலாம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது; அதே ஆண்டின் நடுவில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டும் மூடப்பட்டது. ஏழை நாடுகளின் சுகாதாரப் பணிகள் அனைத்தின் மீதும் அதன் நிழல் விழுந்திருக்கிறது. 2024 டிசம்பர் 29 அன்று, நூறு வயதில், ஜிம்மி கார்ட்டரும் மறைந்தார். கடைசிக் கினிப் புழு தனக்கு முன்பே சாக வேண்டும் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன ஆசை. 1995இல் சூடான் உள்நாட்டுப் போரின் நடுவே, இந்நோய் ஒழிப்புப் பணிக்காகவே மாதக்கணக்கில் நீடித்த ஒரு போர்நிறுத்தத்தைப் பேசி வாங்கித்தந்தவர் அவர். அவர் பெயருக்காக வந்த கவனம் இனி அதே அளவில் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு நாட்டுக்குச் சான்று கிடைக்க, உள்நாட்டில் ஒரு நோயாளிகூட இல்லாமல் தொடர்ந்து மூன்று ஆண்டுகளேனும் கண்காணிப்பு நடந்தாக வேண்டும். நோயாளியே இல்லாத ஊரில் எதற்குச் செலவு என்று கொடையாளிகள் கேட்கும் காலமும் அதுதான். 2030க்குள் ஒழிப்பது என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. எனவே இந்தியா தரும் உதவி ஓராண்டு நிதியுதவியாக இல்லாமல், சாட் சான்று பெறும் நாள் வரை ஆண்டுதோறும் தொடரும் உறுதியான ஒதுக்கீடாக இருக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே குடிநீர் இல்லாத ஊர்கள் இருக்கும்போது ஆப்பிரிக்காவுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. கோடையில் குடத்தோடு காத்திருக்கும் பெண்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் கேட்பது ஜல் ஜீவன் திட்டத்திலிருந்து ஒரு ரூபாய் எடுத்து அங்கே கொடுக்கச் சொல்லி அல்ல. ஆப்பிரிக்க நாடுகளுக்கு இந்தியா ஏற்கெனவே கடனாகவும் கொடையாகவும் உதவிவருகிறது. அந்த ஒதுக்கீட்டுக்குள்ளேயே இதற்கு ஓர் இடம் கொடுங்கள் என்கிறேன். நோய் இல்லை என்ற சான்றுபெற்ற நாடாக இருந்தும், சாட் எல்லையை ஒட்டிய கேமரூன் பகுதிகளில் இப்போது நாய்களிடம் இப்புழு காணப்படுகிறது. சாரி ஆற்றங்கரையில் இது நிற்காவிட்டால், பிற நாடுகள் பல ஆண்டுகள் பாடுபட்டுப் பெற்றதையும் இழக்க நேரும்.

2018இல் ஆப்பிரிக்காவில் 18 புதிய தூதரகங்கள் திறக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது அந்தப் பட்டியலில் சாட் நாடும் இருந்தது. 2023 செப்டம்பரில் டெல்லியில் கூடிய ஜி20 மாநாட்டில் இந்தியாவின் தலைமையின் கீழ்தான் ஆப்பிரிக்க ஒன்றியம் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது. உறவுக்கான வழிகள் திறந்திருக்கின்றன. சாட் சுகாதார அமைச்சகத்தோடும் கார்ட்டர் மையத்தோடும் பேசி, நாய்களிடமோ மனிதரிடமோ நோய் பதிவான கிராமங்களில் பாதுகாப்பான நீராதாரம் இல்லாதவை எவை என்ற பட்டியலைப் பெறுவதே முதல் வேலை. அந்தப் பட்டியலுக்கு ஏற்ப ஆழ்துளைக் கிணறுகளுக்கும் பம்புகளுக்கும் பயிற்சிக்குமான திட்ட மதிப்பீட்டைத் தயாரித்து, வரும் நிதியாண்டின் ஒதுக்கீட்டில் சேர்க்க வேண்டுகிறேன். பழுதுபார்ப்போருக்கான முதல் பயிற்சி வகுப்பை, அந்தப் பம்பின் களச் சோதனை நடந்த கோயம்புத்தூரிலேயே நடத்தலாம் என்பது என் தனிப்பட்ட யோசனை. இந்த வேண்டுகோளின் மீது அமைச்சகங்கள் எடுக்கும் முடிவை, அது எதுவாயினும், பொதுவெளியில் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
தமிழ்நாடு